கரிசற்காட்டுப் பிள்ளைகளும் கடற்கல்வியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கோவில்பட்டியிலிருந்து கொண்டு கடலைப்பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நமக்கும் தூத்துக்குடிக் கடலுக்கும் நடுவே மானாவாரிக் கரிசல் பரந்து கிடக்கின்றது. ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் நம் புஞ்சைகளில் விழுவது வங்கக் கடல் அனுப்பும் மழையன்றோ? அது பொய்த்தால் கம்புமில்லை, பருத்தியுமில்லை.

இப்படியிருக்க, நம் பிள்ளைகள் ஐந்து சமுத்திரங்களின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கின்றனர். நேற்றுப் பெய்த மழை எவ்வளவென்று கேட்டால் விழிக்கின்றனர். குற்றம் அவர்களுடையதன்று. கையாற் செய்து பாராத கல்வி அவ்வளவில்தான் நிற்கும்.

நாம் சொல்லுவது பெருஞ்செலவான காரியமன்று. தூத்துக்குடிக்குச் செல்வோர் ஒரு புட்டி கடல்நீர் கொணரட்டும். அதனைத் தட்டில் ஊற்றிக் கண்ணாடியால் மூடி வெயிலில் வைத்தால், கண்ணாடியின் அடியில் துளிகள் படியும். பிள்ளை அதை நாவில் வைத்துப் பார்க்கட்டும், கரிக்காது. நீர் வற்றிய தட்டிலோ உப்பு மிஞ்சும். உப்பளமும் மழையும் ஒருங்கே விளங்கிவிடும்.

கடல் உயர்வதையும் காட்டலாம். சாயம் கரைத்த நீரைப் புட்டியில் நிரப்பி, மெல்லிய குழாய் செருகிய தக்கையால் இறுக அடைத்து, வெந்நீரில் வைக்க வேண்டும். நாம் வீட்டிற் செய்தபோது குழாயிலிருந்த நீர் முதலில் சற்று இறங்கிற்று. ஒழுக்கென்று நினைத்தோம். பிறகு மளமளவென்று ஏறிற்று. புட்டி முந்திச் சூடேறி விரிந்ததே அவ்விறக்கத்திற்குக் காரணம். சூடேறிய கடலும் அந்நீரைப்போலவே விரிகின்றது. நிலத்தின்மேலுள்ள பனியும் உருகி அதனோடு சேர்கின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போயின. அவற்றிலொன்றான விலங்குசல்லி தூத்துக்குடிப் பக்கத்தது. இதற்குக் கடலுயர்வு ஒன்றையே காரணமாகச் சொல்லிவிடலாகாது. முன்னாளில் மனிதர் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தமையால் அலையைத் தடுத்த அரண் போயிற்று. பிள்ளைகளிடம் பாதி உண்மை சொல்லுதல் தகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது மழைமானி. நேர்ச்சுவருள்ள தகரக் குவளை, அளவுகோல், திறந்தவெளி, இவையே போதும். 10 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் நீரென்று பிள்ளையே கணக்கிட்டறிவான். நம் பாட்டனார் மண்ணைக் கிண்டி ஈரத்தைப் பார்த்து, ‘ஓர் உழவு மழை’ என்றார்கள். அதனையும் அருகே எழுதட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததன் பொருள் அப்பொழுதுதான் அவனுக்குப் புலப்படும்.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். பெருமழை வலுப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒரு வெள்ளத்தை மட்டும் காட்டித் தட்பவெப்பம் மாறிற்றென்று தீர்ப்பளிக்க இயலாது. அதற்கு 30 ஆண்டுக் கணக்கைப் பார்ப்பது அறிஞர் வழக்கம்.

இங்கேதான் நமது சங்கத்திற்கு வேலை இருக்கின்றது. 10 வயதில் தொடங்கும் பிள்ளைக்கு அக்கணக்கு முடிகையில் 40 வயதாகிவிடும். உபாத்தியாயர்கள் மாறுவர், பிள்ளைகள் சிவகாசிக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போவர். சங்கம் இங்கேயே இருக்கும். மகமைக் கணக்கில் ஒரு காசு விடாமல் எழுதும் நாம் மழைக்கு ஒரு பக்கமும் ஒதுக்கவில்லை. 1901-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நம்மூரிலேயே இருந்தும், அதனைப் பிள்ளைகளுக்குக் காட்டியவர் நம்மில் எத்தனை பேர்?

பரிசளிப்பு விழாவிற்கு வாங்கும் கோப்பைகளைக் குறைத்துக்கொண்டால் பள்ளிக்கொரு மழைமானி வாங்கலாம். இது சிலருக்கு மனவருத்தந் தரும் என்பதை அறிவோம். கணக்கெழுதும் பொறுப்பைப் பெண்பிள்ளைகளிடம் ஒப்படைப்பது நலம். அவர்கள் நாள் தவறார்கள்.

ஐப்பசி பிறக்குமுன் குவளைகள் வந்தாக வேண்டும். பேரேடு ஒன்று நாமே வாங்கி வந்திருக்கின்றோம். இதனைக் காரியதரிசி அவர்கள் பெற்றுக்கொள்ளும்படி வேண்டுகின்றோம்.