இரைப்பு நோயும் இரவு மாத்திரையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், உயிருள்ள விரால் குஞ்சோடு மருந்தை விழுங்க நம் நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் மக்கள் திரள்வதைக் காண்கின்றோம். இரைப்பு நோயால் வாடுவோர் எத்துணையர் என்பதற்கு அதுவே சான்று. அம்மருந்தால் நோய் தீரும் என்பதற்கோ அறிவியற் சான்று இல்லை. இன்று யான் சொல்ல விழைவது, நம் இல்லங்கள் பலவற்றில் இரவுதோறும் உண்ணப்பெறும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரையைப் பற்றி.

மூச்சுக்குழாயை வீங்கச் செய்யும் லியூக்கோட்ரையீன் என்னும் பொருளின் வேலையை இது தடுக்கின்றது. தண்டவாளத்தை நாள்தோறும் சோதிக்கும் கீமேன் விபத்தைத் தடுப்பான். விபத்து நேர்ந்தபின் வேண்டுவது மீட்பு வண்டியன்றோ? அதுபோல், வந்துவிட்ட இழுப்பை இம்மாத்திரை தணிக்காது. அதற்கென மருத்துவர் தந்த இன்ஹேலரே உதவும். அதற்கும் தணியாவிடில் உடனே மருத்துவமனைக்கு விரைக. நாள்தோறும் இழுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலரை, மாத்திரை இருக்கிறதென்று கைவிடலாகாது.

2 முதல் 5 வயது வரை 4 மில்லிகிராம். 6 முதல் 14 வரை 5. அதற்கு மேல் 10. எனவே தந்தையின் மாத்திரையை மகனுக்குப் பகிர்தல் தகாது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக உண்ணுதலும் தகாது.

தாய்மார்கள் இதைக் கருத்தில் கொள்க. இம்மருந்தால் சிலருக்குத் தீக்கனவு, உறக்கமின்மை, சினம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூடத் தோன்றலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 மார்ச்சில் கடுமையாக எச்சரித்தது. குழந்தை இரவில் அலறினால், திருஷ்டி சுற்றிப் போடுவதோடு நில்லாமல், மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரைக் காண்க. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்காமல், இன்னும் தேவையா என்று கேட்டறிக.

நம் குடும்பங்கள் இனிதே மூச்சுவிட்டு வாழ்க என வாழ்த்தி அமைகின்றேன்.