திறவாத பூட்டு

திறவுகோல் கையில் இருந்தும் கதவு திறவாதாயின், குறை திறவுகோலிலா பூட்டிலா என்று ஆராய்வதே முறை. கண்காணிப்புக் கமெரா முதலிய கருவிகளினுள் அமைந்த சிறு கணினிகளிலும் இந்நிலை நேர்வதுண்டு. அவற்றுட் பலவற்றை இயக்குவது லினக்ஸ். பொறியியலாளர் தமக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் தெரிந்தெடுத்து அதனை அமைப்பர். அமைத்து முடித்தபின் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும், 'பிழை' என்ற மறுமொழியே சில வேளைகளில் வருகிறது.

காரணம் யாது? லினக்ஸ் கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதிவைப்பதில்லை. 'உப்பு' எனப்படும் சில எழுத்துகளை அதனோடு கலந்து, மீட்க இயலாத வேற்றுருவாக்கி, 'ஷடோ' என்னும் கோப்பில் வைக்கிறது. அவ்வுருவின் தொடக்கத்தில் இரு டொலர்க் குறிகளுக்கிடையே நிற்கும் இலக்கம் அதனை ஆக்கிய முறையை உணர்த்தும். 1 எனின் எம்டி5. 6 எனின் எஸ்எச்ஏ-512. பெரிய கணினியில் 6ஆம் முறையால் ஆக்கிய உருவைச் சிறு கருவியிற் பதித்துவிட்டு, இடச் சிக்கனம் கருதி அக்கருவியின் சீ நூலகத்திலிருந்து அம்முறையை நீக்கியிருப்பின், சொல் சரியாயினும் பொருத்தம் காண இயலாது. முதலில் நோக்கத்தக்கது இதுவே.

சாதாரணப் பயனருக்கு வழி திறந்து, தலைமைப் பயனராகிய 'ரூட்'டுக்கு மட்டும் அடைபட்டிருப்பின், 'செக்கியூர்டிடிவை' என்னும் பட்டியலைப் பார்த்தல் வேண்டும். அப்பட்டியல் நடைமுறையில் உள்ள அமைப்பாயின், அதிற் குறிக்கப்படாத தொடர்வாயில் வழியே 'ரூட்' நுழைய முடியாது. மாற்றிய கடவுச்சொல் மறுதொடக்கத்தின் பின் பழையதாகவே திரும்பின், பயனர் கோப்புகள் நிலையான சேமிப்பில் இல்லை என்பது தெளிவு.

இவ்வாறு தேடிச் சலித்தவர், "இப்போதைக்குக் கடவுச்சொல்லே வேண்டாம்" என்றோ, "எல்லாக் கருவிக்கும் ஒன்றே போதும்" என்றோ விட்டுவிடுவதுண்டு. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட ஏறக்குறைய 60 பெயர்-கடவுச்சொற் சோடிகளை மாத்திரம் முயன்று, இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் தேதி அத்தகைய கருவிகள் 'டைன்' என்னும் நிறுவனத்தைத் தாக்கவே, அமெரிக்காவில் பலருக்கு டுவிட்டர் முதலிய தளங்கள் எட்டாதுபோயின. எல்லாக் கருவிக்கும் பொதுவான எளிய கடவுச்சொல் இடுவதை 2024 ஏப்ரல் முதல் பிரித்தானியச் சட்டம் தடுத்துள்ளது.

ஆகவே, பூட்டுத் திறவாதபோது பூட்டையே கழற்றி எறிதல் அறிவுடைமை ஆகாது. குறையைக் கண்டு திருத்தி, ஒவ்வொரு கருவிக்கும் தனித் திறவுகோல் வழங்குவதே செய்தக்க பணி.