குளிசை வேளையும் கைத்தொலைபேசியும்

(சங்கத்தின் வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



உறுப்புத் தானம் என்றதும் இம்மண்டபத்திலுள்ள பெரியோர் பலருக்குக் கண்ணப்ப நாயனாரின் நினைவு வந்திருக்கும். வரவேண்டியதுதான். ஆயினும் நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது கொடுத்தவரின் பெருமையன்று, பெற்றுக்கொண்டவரின் பாடு. அதிலும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் மீசை அரும்பும் பருவத்துப் பிள்ளையாகவோ பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளையாகவோ இருந்தால் நேருகின்ற சங்கடம்.

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆந் திகதி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் டொக்டர் யோசப் மறே என்பார் இச்சத்திரசிகிச்சையில் முதன்முதல் நிலையான வெற்றி கண்டார். கொடுத்தவர் றொனால்ட் ஹெரிக். பெற்றவர் அவரோடு ஒரே அச்சாய்ப் பிறந்த இரட்டைச் சகோதரர் றிச்சார்ட். அத்தகைய இரட்டையராதலால், வந்த உறுப்பை உடம்பு அந்நியமென்று எண்ணவில்லை. ஏனையோருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெற்ற தாயே கொடுத்தாலும், பிள்ளையின் உடம்பு அதனை வேற்றாளென்று கண்டு தாக்க முற்படும். அந்தத் தாக்குதலை அடக்கிவைப்பதற்கே நாள்தோறும் குளிசை. அவற்றுள் முதன்மையான டக்ரோலிமஸ் என்பதைப் பெரும்பாலும் 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை உட்கொள்ள வேண்டும். ஆண்டொன்றுக்கு 730 வேளை, பத்தாண்டுக்கு 7,300. சிறுநீரகம் கொடுப்பவர் ஒருநாள் துணிந்தாற் போதும். பெற்றவர் நாளுக்கு இருமுறை துணிய வேண்டியிருக்கிறது.

இதிலுள்ள வஞ்சகம் என்னவென்றால், ஒரு வேளை தவறினால் ஒன்றும் நோகாது. இரண்டு வேளை தவறினாலும் நோகாது. பிள்ளை பந்தடிப்பான், சிரிப்பான். இரத்தத்திலே கிரியற்றினின் அளவு ஏறியதை வைத்தியர் காணும்போது சேதம் நடந்திருக்கும். குளிசையை விழுங்கினாலோ கண்ணுக்குத் தெரியும் துன்பம் உண்டு: ஸ்ரெரொயிட் மருந்தினால் முகம் ஊதும், பரு போடும். கண்ணாடி பார்க்கும் வயதிலே இது சிறிய விடயமா? அவர்களைச் சோம்பேறிகள் என்று வைவதில் நமக்குச் சம்மதமில்லை.

கனடாவின் மொன்றியல் நகரத்துச் சிறுவர் வைத்தியர் பெத்தனி பொஸ்ரர் அம்மையாரும் அவரது குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, இளையோரிடையே மாற்றுச் சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து 17 முதல் 24 வயது வரையில் மிக உயர்ந்திருப்பதைக் காட்டிற்று. பச்சைக் குழந்தைகளிலன்று, வளர்ந்தவர்களிலே! காரணங்கள் பலவாயினும் ஒன்றை ஊகிப்பது கடினமன்று. குழந்தைக்குத் தாய் ஊட்டிவிடுகிறாள். வாலிபனுக்கு ஒருவரும் ஊட்டுவதில்லை. அதே காலத்திலேதான் அவன் சிறுவர் பிரிவை விட்டு, பழகிய வைத்தியரையும் தாதியரையும் விட்டு, வளர்ந்தோர் பிரிவுக்குப் போகிறான்.

நாம் அறிந்த ஓர் இல்லத்திலே மகனுக்கு 15 வயது. கொடுத்தவர் தாயார். காலையும் மாலையும், "தம்பி, குளிசை போட்டனியோ?" என்பார். "ஓமம்மா" என்று பதில் வரும். ஒருமுறை இரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்லிற்று. தாயார் அழுது, "அது நான் தந்ததல்லோ" என்றார். பையன் தலை நிமிராமலே, "தந்தாப்பிறகு அது என்ரைதானே" என்றான். கேட்டிருந்த நமக்கு முதலிற் கோபமே வந்தது. வீடு திரும்பும் வழியிலேதான் அவன் சொன்னது முழு உண்மை என்று பட்டது. அவனுடையதென்றால் அதைக் காக்கும் வழியும் அவன் கையில் இருக்க வேண்டுமே!

இங்கேதான் கைத்தொலைபேசி வருகிறது. எந்நேரமும் அதைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள் என்று நம் பெரியோர் குறைப்படுவதுண்டு, நாமும் பட்டதுண்டு. தடவுகிற கையிலேயே மருந்துச் செயலியை வைத்தாலென்ன?

பொஸ்ரர் அம்மையார் குழுவினர் 2018இல் வெளியிட்ட மற்றொரு பரிசோதனையைக் கேளுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் எட்டு நிலையங்களில், 11 முதல் 24 வயது வரையான 169 பேர். திறக்கும் நேரத்தைத் தானே குறித்துவைக்கும் மருந்துப்பெட்டி எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மாத்திரம் நேரந்தவறாது நினைவூட்டற் செய்தி வந்தது. அதோடு, மூன்று மாதத்துக்கொருமுறை பயிற்றுநர் ஒருவர் உடனிருந்து, எந்த வேளை தவறுகிறது, ஏன் தவறுகிறது, என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தார். ஓராண்டு முடிவில் இவர்கள் மற்றவர்களைவிடத் திருத்தமாக மருந்தெடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தளவு ஏறியிறங்குவதில் வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. பெட்டியைத் திறந்தவன் விழுங்கினானா என்பதும் பெட்டிக்குத் தெரியாது.

அதே 2018இல் வெளியான இன்னோர் அமெரிக்கப் பரிசோதனையில், இரத்த அழுத்தமுள்ள வளர்ந்தோருக்குச் செயலி கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள். மருந்தெடுப்பது சிறிது கூடியதாக அவர்களே சொன்னார்கள். அழுத்தத்தில் வேறுபாடு இல்லை. நோயும் வயதும் வேறாதலால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. எனினும் மணி அடிப்பதோடு வேலை முடிந்துவிடாது. மணி அடித்தும் ஏன் எடுக்கவில்லை என்று வையாமற் கேட்க ஓராள் வேண்டும் என்பதே நம் எண்ணம்.

செயலியை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கிளினிக் நாளிலே டக்ரோலிமஸ் அளவு பார்ப்பதற்குக் காலைக் குளிசைக்கு முன்னரே இரத்தம் எடுப்பார்கள். செயலிக்கு அது தெரியாது. "எடு, எடு" என்று வழமைபோல அடிக்கும். குளிசையைக் கையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்தபின் போடவேண்டும் என்று அந்நாளுக்குக் குறித்துவைப்பது நன்று. வைத்தியர் அளவை மாற்றினால் அன்றே செயலியிலும் மாற்றவேண்டும். இல்லையேல் பிழையான அளவையே அது ஒழுங்காக நினைவூட்டும். தவறிய வேளைக்காக அடுத்த முறை இரட்டிப்பாக விழுங்கவும் கூடாது. கிளினிக்கைக் கேட்க வேண்டும். நோவுக் குளிசையையும் கேளாமற் போடலாகாது. ஐபுபுரோஃபன் போன்றவை சிறுநீரகத்துக்கே கேடு.

வேளை தவறினால் வேறொருவருக்குச் செய்தி அனுப்பும் வசதி சில செயலிகளில் உண்டு. அந்த ஒருவர் யார் என்பதைப் பிள்ளையே தெரிவுசெய்யட்டும். பெற்றோருக்கு இது கசக்கும். ஒளித்திருந்து பார்க்கும் கண்ணாக அது மாறினால், பையன் குளிசையை விழுங்காமலே 'எடுத்தேன்' என்ற பொத்தானை அமத்தப் பழகிவிடுவான்; "ஓமம்மா" என்று சொன்னது போலத்தான்.

மேலே சொன்ன இல்லத்துப் பையன் தெரிவுசெய்தது தாயை அன்று, தமக்கையை. காலை ஏழு, மாலை ஏழு. அரை மணிக்குள் பொத்தான் அமத்தாவிடில் அவளுக்குச் செய்தி போகும். முதல் மாதத்தில் நாலுமுறை போயிற்று. நாலுமுறையும் அவள் தாயாரிடம் சொல்லவில்லை, தம்பியிடமே கேட்டாள். ரியூசன் முடிந்து வரும் வழியில் மாலை வேளை தவறுகிறது என்று கண்டு, புத்தகப் பையில் ஒரு சிறு டப்பா வைத்தார்கள்.

அண்மையில் அங்கே போயிருந்தோம். காலை ஏழுக்கு மணி அடித்தது. தாயார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு, "தம்பி, தேத்தண்ணி குடிச்சனியோ?" என்றார்.