கட்சிரோலியின் நலத்தூதர்கள்



மருத்துவ வசதி என்றதும் கட்டடமும் கட்டிலுமே நினைவுக்கு வருவதால், காட்டிலும் மலையிலும் வாழும் வறியோரின் குறை ஒரு மருத்துவமனையைத் திறந்துவிட்டால் தீரும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அந்த எண்ணத்தை அசைத்த இடம், மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் கோண்டுப் பழங்குடியினர் வாழும் கட்சிரோலி மாவட்டம். அங்கே அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் 1986-இல் 'செர்ச்' (SEARCH) என்ற அமைப்பை நிறுவினர். பழங்குடியினரின் விருப்பத்தைக் கேட்டறிந்து, அவர்களுடைய குடியிருப்பைப் போன்ற அமைப்பில், அவர்கள் வணங்கும் தந்தேஸ்வரி அன்னையின் பெயரிலேயே மருத்துவமனையும் எழுப்பினர்.

ஆயினும் பிறந்த 28 நாள்களுக்குள் நேரும் மரணங்களை, அதாவது பச்சிளங்குழந்தை இறப்புகளை, அம்மருத்துவமனையால் மட்டும் தடுத்துவிட இயலவில்லை; ஏனெனில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நிகழ்ந்தன, நோயுற்ற சிசுவை வெளியே கொண்டுசெல்லப் பெற்றோர் தயங்கினர். ஆகவே 39 ஊர்களில், ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை மட்டுமே பள்ளி சென்ற பெண்கள் 'ஆரோக்கியதூத்', அதாவது நலத்தூதர், என்ற பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சிசுவின் எடையைப் பார்ப்பது, உடற்சூடு குறையாமல் காப்பது, மூச்சுத்திணறும் சிசுவுக்குச் செயற்கைச் சுவாசம் அளிப்பது ஆகியவற்றோடு, குருதியில் கிருமி பரவும் செப்சிஸ் நோயின் அறிகுறிகளை இனங்கண்டு ஜென்டாமைசின் என்னும் கிருமிக்கொல்லி ஊசி போடவும் அவர்கள் பயின்றனர். பட்டம் பெற்றவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட ஊசியைக் கிராமத்துப் பெண்ணின் கையில் கொடுத்த அந்தத் துணிவே இம்முயற்சியின் உயிர்நாடி. அவ்வூர்களில் ஆயிரம் பிறப்புகளுக்கு 62-ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, 1997-98-இல் ஏறத்தாழ 25-ஆகக் குறைந்ததை 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு உலகுக்கு அறிவித்தது.

வீடு தேடிச் சென்று சிசுவைப் பேணும் இம்முறையை இந்திய அரசு 2011-இல் ஏற்று, 2005-இல் தொடங்கிய கிராமப்புற நலத் திட்டத்தின் 'ஆஷா' எனப்படும் பெண் நலப்பணியாளர்களிடம் ஒப்படைத்தது. ஆனால் பிறந்த நாள் தொட்டு 42 நாள்கள்வரை ஒரு சிசுவை மீண்டும் மீண்டும் வீடு தேடிச் சென்று பார்ப்பதற்கு வகுக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய். அதைப் பெறுபவர் அரசின் வரையறையில் ஊழியரும் அல்லர், தன்னார்வலர். உயிர்காக்கும் திறனை ஏழைப் பெண்ணிடம் நம்பி ஒப்படைக்கும் அரசு, அத்திறனுக்குரிய மாத ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் அவருக்கு மறுப்பது அநீதி. அதைக் களையும் பொறுப்பு ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் ஒருங்கே உண்டு.