பழைய பேப்பருக்கு இன்னொரு ரவுண்டு

போன வாரம் என் காலேஜ் ரெக்கார்டு நோட்டெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். நாலு வருஷ இன்ஜினியரிங், ஒரே தராசில்! சரி, திரும்பத் திரும்ப பேப்பராகிக்கிட்டே இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். படிச்சுப் பார்த்தா, அப்படி இல்லையாம்.

பேப்பர் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். ஒவ்வொரு முறை கரைத்துக் காயவைக்கும்போதும் இழை குட்டையாகும், விறைத்தும் போகும். சுமார் 5 முதல் 7 சுற்றுதான். அப்புறம் பேப்பராகப் பிடித்து நிற்காது.

ஆனா போனது நீளம்தான். உள்ளே செல்லுலோஸ் பத்திரமா இருக்கு. ஓர் இழையைக் கயிறுன்னு நினைச்சுக்கோங்க. அதன் புரிகளைப் பிரிச்சுக்கிட்டே போனா, சில நானோமீட்டர் அகலமுள்ள நூல்கள் கிடைக்கும். அதுதான் நானோசெல்லுலோஸ். எப்படியும் பிரிக்கத்தானே போறோம், இழை குட்டையா இருந்தா என்ன?

முதலில் மை, களிமண், சுண்ணாம்புத் தூள் எல்லாம் நீக்கணும். அப்புறம் அரைக்கணும். ஒரு மெஷின் அப்படியே நம்ம திருகைதான்: ஒரு கல் நிற்கும், ஒரு கல் சுத்தும், நடுவில் கூழ். பலமுறை ஓட்டினால் கெட்டியான ஜெல் வரும். நான் வீட்டு மிக்சியில் ட்ரை பண்ணினேன். வந்தது வெறும் கூழும், அம்மாகிட்ட திட்டும்தான்.

சிக்கல் கரண்ட். முன்தயாரிப்பு இல்லாமல் அரைத்தால் ஒரு டன்னுக்கு 20,000 யூனிட்டுக்கு மேலேகூடப் போகலாம். மாசம் 100 யூனிட் ஓடும் வீட்டுக்கு அது 16 வருஷத்துக்கும் மேலான கரண்ட்! என்சைமில் ஊறவைத்தால் பல மடங்கு குறையும். அடுத்த தலைவலி, அந்த ஜெல்லில் பெரும்பங்கு தண்ணீர். காயவைத்தால் நூல்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு லாரியில் ஏற்றினால், நாம் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறோம்.

அதனால எனக்குப் பிடிச்ச வழி ஆடம்பரமே இல்லாதது. பேப்பர் மில்லிலேயே ஜெல்லைத் தயாரித்து, ஈரமாகவே மறுசுழற்சிக் கூழில் கொஞ்சம் கலப்பது. தளர்ந்த இழைகளுக்கு நடுவே இந்த நூல்கள் பிடிமானம் கொடுக்கும், பேப்பர் வலுவாகும். உடைந்த இழையே மற்ற இழைகளைத் தாங்குது.

‘கழிவிலிருந்து அதிசயப் பொருள்’ன்னு அடுத்த தடவை வீடியோ பார்த்தா, ரெண்டே கேள்வி கேளுங்க: எவ்வளவு கரண்ட்? எவ்வளவு தண்ணீர்? அடுத்த எபிசோடில் பார்ப்போம்!