சூரிய மின்கலமும் இல்லத்தார் கடமையும்

(பட்டினப்பாக்கத்தில் தீபாவளித் திருநாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வர்த்தமான மகாவீரர் வீடுபேறு அடைந்த இந்நாளில், விளக்கேற்றி வழிபாடு முடித்த கையோடு, வீட்டு மின்சாரத்தைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தீபாவளியை அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழையின் கடுங்காலம். ஆகவே பொருத்தமான நேரத்தில்தான் பணித்திருக்கிறீர்கள்.

மயிலைக் கடற்கரையில் எழுந்தருளியிருந்த நேமிநாதர் திருவுருவத்தை, கடல் கொண்டுவிடும் என்று அஞ்சி மேல்சித்தாமூருக்கு எடுத்துச் சென்றனர் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. கடல் வந்தபின் அவர்கள் ஓடவில்லை, வருமுன் செய்தார்கள். அதே கரையில் வாழும் நான் அவ்வாறு செய்யத் தவறிய ஒரு நாளைப் பற்றியே முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடுகளும், முதல் மாடி அறையில் ஐந்து யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் மின்கலமும் உள்ளன. இவற்றைக் கண்காணிக்கும் செயலியைச் சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் தன் கைப்பேசியில் வைத்திருந்தான். மின்கலம் இரவுதோறும் வீட்டுக்கு மின்சாரம் கொடுத்து, இருபது விழுக்காடு மிஞ்சும்போது நின்றுகொள்ளுமாறு பொருத்தியவர்கள் அமைத்திருந்தனர். அதில் குறை இருப்பதாக எங்களில் எவரும் எண்ணவில்லை.

2023 டிசம்பர் 3ஆம் நாள் இரவு, மிக்ஜாம் புயலின் மழை சென்னையில் கொட்டத் தொடங்கியது. அன்றும் மின்கலம் வழக்கம்போல் வீட்டுக்கு மின்சாரம் கொடுத்து இருபது விழுக்காட்டில் வந்து நின்றது. விடியுமுன் தெருவில் மின்சாரம் நின்றது. எண்பத்து நான்கு வயதான என் அன்னையார் ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையோடு உறங்கிக்கொண்டிருந்தார்.

கணக்கைச் சொல்கிறேன். ஐந்து யூனிட்டில் இருபது விழுக்காடு என்பது ஒரு யூனிட். அதிலும் கடைசிப் பத்து விழுக்காட்டை, மின்கலம் பழுதுபடாதிருக்க, இன்வர்ட்டர் தரமறுக்கும். எஞ்சியது அரை யூனிட். செறிவூட்டி இழுப்பது ஏறத்தாழ 350 வாட். ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. குளிர்ப்பெட்டியையும் மின்விசிறிகளையும் நிறுத்தினோம். மகனை அழைக்க முயன்றோம். கைப்பேசிக்கு அலைவரிசை இல்லை. வானம் இருண்டிருந்ததால் பொழுது விடிந்தும் தகடுகளிலிருந்து வந்தது மிகச் சொற்பமே. அடுத்த தெருவில் ஓர் இல்லத்தில் இருந்த சிறிய ஆக்சிஜன் உருளையை, சீனிவாசபுரத்து இளைஞர் இருவர் முழங்கால் அளவு நீரில் தோளில் சுமந்து வந்து சேர்த்தனர். அன்னையார் பிழைத்தார். மின்கலம் காக்கவில்லை, மனிதர் காத்தனர்.

மின்கலத்தில் பழுது ஏதும் இல்லை. எங்களிடம் இருந்த பிழை ஓர் எண்ணில் இருந்தது. அந்த எண்ணைப் பற்றியே இனிப் பேசப்போகிறேன்.

செயலியைத் திறந்தால் நான்கு படங்கள் தோன்றும்: தகடு, வீடு, மின்கலம், மின்வாரியக் கம்பி. இவற்றிடையே ஓடும் அம்புக்குறிகள் மின்சாரம் எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைக் காட்டும். மின்கலத்தின் அருகே காணும் விழுக்காடு, அந்த நேரத்தில் உள்ள இருப்பு. அதை எல்லோரும் பார்க்கிறார்கள். அமைப்புகள் என்ற பகுதிக்குள், எந்த அளவுக்குக் கீழே போகாமல் இருப்பைக் காக்க வேண்டும் என்று கேட்கும் இன்னொரு விழுக்காடு உண்டு. மின்தடைக்கென ஒதுக்கிவைக்கும் பங்கு அது. அதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

பல செயலிகளில் இந்தப் பங்கு தொடக்கத்தில் மிகக் குறைவாகவே வைக்கப்பட்டிருக்கும். மாலை நேர மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கேட்கும் நாடுகளில், பகலில் சேமித்து மாலையில் செலவழித்தால் பணம் மிஞ்சும். நம் நிலை வேறு. இருவழி மீட்டர் பொருத்திய வீட்டில், பகலில் நாம் வாரியத்துக்கு அனுப்பிய யூனிட், இரவில் நாம் வாங்கும் யூனிட்டோடு கழிக்கப்படுகிறது. அப்படியிருக்க, இரவுதோறும் மின்கலத்தைக் காலிசெய்வதால் நமக்குக் கிடைக்கும் ஆதாயம் அற்பம். மின்கலத்தில் ஏற்றி இறக்கும்போது மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. அதன் ஆயுளும் தேய்கிறது. மேலும், கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் நம் இல்லங்களில் மிக்சியும் கிரைண்டரும் மின்னடுப்பும் பகலிலேயே ஓடி ஓய்ந்துவிடுகின்றன. இரவுச் சுமையே நமக்குக் குறைவு.

ஆகவே நம் வீட்டு மின்கலம் கட்டணத்தைக் குறைப்பதற்காக அன்று; மின்சாரம் நின்ற நாளுக்காக. இதை மனத்தில் கொண்டால் எண்ணை எப்படி அமைப்பது என்பது தானே விளங்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் இறுதிவரை காப்புப் பங்கை எண்பது அல்லது தொண்ணூறு விழுக்காட்டில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன் நூறாக்குங்கள். வெயில் போதாவிடில், மின்வாரியக் கம்பியிலிருந்து மின்கலத்தை நிரப்ப அனுமதிக்கும் குறியையும் இயக்கிவையுங்கள். மழைக்காலம் கழிந்தபின் ஐம்பது விழுக்காட்டளவில் இறக்கலாம். வெப்பத்தில் மாதக்கணக்காக முழுநிறைவில் நிற்பது லித்தியம் மின்கலத்துக்கு நன்றன்று. நோயாளி இருக்கும் வீட்டில் அவருக்கு வேண்டிய கருவியின் வாட்டையும் மணிநேரத்தையும் பெருக்கி, அந்த அளவுக்குக் கீழே ஒருபோதும் இறக்காதீர்கள். எங்கள் மின்கலம் அன்று தொண்ணூறில் நின்றிருந்தால், செறிவூட்டி மட்டும் பதினொரு மணி நேரம் ஓடியிருக்கும்.

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். மின்கலம் இல்லாமல் தகடுகள் மட்டும் பொருத்தியவர்கள், வெயில் இருக்கும்வரை தமக்கு மின்தடை இல்லை என்று நம்புகிறார்கள். அது தவறு. தெருவில் மின்சாரம் நின்றால் அவர்களுடைய இன்வர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்யும் மின்வாரிய ஊழியர் மீது நம் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு ₹78,000 மானியம் கிடைக்கிறது. அது தகடுகளின் திறனைக் கணக்கிட்டுத் தருவது. மின்கலத்தின் செலவை நாமே ஏற்க வேண்டும். செலவுசெய்து வாங்கிய பொருள் உரிய நாளில் வெறுமையாய் நிற்கலாமா?

கண்காணிப்பைப் பற்றியும் ஒன்று. ஒரு நாளின் உற்பத்தியைப் பார்த்துக் கலங்க வேண்டா. ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும், மேகமூட்டத்தில் குறையும். மாதக் கூட்டுத்தொகையைச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். காரணமின்றிக் குறைந்திருந்தால் மாடிக்குச் சென்று பாருங்கள். நம் பகுதியில் கடற்காற்று தகடுகளின்மேல் உப்பைப் படியவைக்கும், பிணைப்புகளைத் துருவேற்றும். அதிகாலையில், தகடுகள் குளிர்ந்திருக்கும்போது, நல்ல நீரால் கழுவுவது போதும்.

இறுதியாக, செயலி யாருடையது என்ற கேள்வி. பொருத்தியவர் தம் பெயரிலேயே கணக்கைத் தொடங்கிவைத்துப் போயிருக்கக் கூடும். அல்லது அது அயல்நாட்டில் இருக்கும் பிள்ளையின் கைப்பேசியில் மட்டும் இருக்கலாம். கணக்கு வீட்டில் வாழ்வோர் பெயரில் இருக்கட்டும். முதலில் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றி, தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். இணையம் நின்றால் செயலியும் நின்றுவிடும். ஆதலின் இன்வர்ட்டரின் முகப்பில் உள்ள பொத்தான்களை இயக்கவும் பொருத்தியவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பெண்மணிகளும் முதியோரும் இதனைக் கற்றுக்கொள்ள வேண்டும். புயல் வரும் வேளையில் வீட்டில் இருப்பவர்கள் அவர்களே.

2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலின் எச்சரிக்கை வந்தது. என் மனைவியார் இரண்டு நாள் முன்னதாகவே செயலியைத் திறந்து, காப்புப் பங்கை நூறாக்கினார். அம்முறை எங்கள் தெருவில் மின்சாரம் சில மணி நேரமே நின்றது. அந்நேரத்தில், முன்னர் உருளை சுமந்து வந்த இளைஞர்களும் அவர்தம் அண்டை வீட்டாரும் எங்கள் கூடத்தில் அமர்ந்து தத்தம் கைப்பேசிகளுக்கு மின்னேற்றிச் சென்றனர். மிகுபொருள் விரும்பாமையை விரதமாகக் கொண்ட நமக்கு, சேர்த்துவைப்பது தகுமோ என்று ஐயம் எழலாம். பிறர்க்கும் உதவும் பொருட்டு ஒதுக்கிவைத்த இருப்பு, பேராசையால் சேர்த்த பொருள் ஆகாது என்பதை அன்று கண்டேன்.

இன்றிரவு இல்லம் திரும்பியதும், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே, அந்த எண்ணை ஒருமுறை பாருங்கள். மழை இன்னும் தொடங்கவில்லை. மாற்றுவதற்கு நேரம் இருக்கிறது.

 அறம் தழைக்க! ஜெய் ஜினேந்திரா.