பருப்பில் உள்ள பைட்டிக் அமிலம்: கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

(நம் சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் சுற்றிய செய்தியைப் பார்த்திருப்பீர்கள். பருப்பிலும் பயறிலும் பைட்டிக் அமிலம் இருக்கிறதாம், அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாதாம், ஆகவே பருப்பைக் குறைக்க வேண்டுமாம். கூடவே ஓர் அட்டவணை. அதைப் பார்த்து இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்குச் சுண்டலை நிறுத்திவிட்டார்கள் என்று செயலாளர் சொன்னார். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சைவ வீட்டில் பருப்பையும் நிறுத்தினால் புரதத்துக்கு எங்கே போவது?

"பேங்கில் இருந்தவர், கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பி.காம். ரசாயனம் எனக்குப் பள்ளியோடு சரி. ஆனால் என் அக்கா மகள் உணவு அறிவியல் படிக்கிறாள். கொண்டைக்கடலையில் இதை அளந்ததுதான் அவளுடைய புராஜெக்ட். அவள் நோட்டை வாங்கிப் படித்தேன். அது ஏறக்குறைய நம் லெட்ஜர் கணக்குதான்!

முதலில், இந்த அமிலம் விஷம் இல்லை. விதை முளைக்கும்போது நாற்றுக்கு பாஸ்பரஸ் வேண்டும். அதைச் செடி சேமித்து வைக்கும் வடிவம் இது. பயறுகளில் பொதுவாக 100 கிராமுக்கு அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை இருக்கும். இதன் மூலக்கூறில் ஆறு பாஸ்பேட் கைகள். அந்தக் கைகள் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொள்கின்றன. நம் குடலால் அந்தப் பிடியைச் சுலபமாக விடுவிக்க முடியாது.

அளப்பதும் அந்தப் பிடியை வைத்துத்தான். பயறை மாவாக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலக்கி வடிகட்டுகிறார்கள். அந்தச் சாற்றில் அளவு தெரிந்த இரும்புக் கரைசலைச் சேர்த்து, கொதிநீரில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். பைட்டிக் அமிலம் இரும்போடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரில் மிச்சமுள்ள இரும்புக்கு பைபிரிடின் என்ற மருந்தைச் சேர்த்தால் சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று ஒரு கருவி சொல்லும். நிறம் வெளுத்திருந்தால் பைட்டிக் அமிலம் அதிகம். ஹாக், லான்ச் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட முறை இது. போட்ட பணம் தெரியும், இருப்புத் தெரியும், வித்தியாசம்தான் எடுத்த தொகை.

ஆனால் எடுத்தது யார்? இங்கேதான் ஆடிட்டர் கண் வேண்டும். ஆறு கைகளில் ஒன்றிரண்டை இழந்த சிறிய மூலக்கூறுகளும் கொஞ்சம் இரும்பைப் பிடிக்கும். இந்த முறை அதையும் பைட்டிக் அமிலத்தின் பேரிலேயே எழுதிவிடும். ஊறவைத்த, முளைகட்டிய பயறில் அந்தத் துண்டுகள் அதிகம். அதனால் உண்மையில் குறைந்த அளவு எண்ணில் முழுதாகத் தெரியாமல் போகலாம். தனித்தனியாகப் பிரித்து எண்ண ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி இருக்கிறது. செலவு அதிகம்.

இன்னொன்று எதிர்ப்பக்கம். முளைப்பயறில் தண்ணீர் ஏராளம். 100 கிராம் காய்ந்த பயறையும் 100 கிராம் முளைப்பயறையும் ஒப்பிட்டால், எதுவுமே குறையாவிட்டாலும் குறைந்ததாகத் தெரியும். அதனால் ஈரத்தைக் கழித்து, உலர் எடைக்குத்தான் கணக்கிட வேண்டும். வாட்ஸ்அப் அட்டவணையில் எந்த எடை என்ற குறிப்பே இல்லை. எந்த முறையில் அளந்தார்கள் என்பதும் இல்லை. இப்படி ஒரு வவுச்சர் வந்தால் நான் பாஸ் பண்ணமாட்டேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் பைட்டேட் அளவுகள் இருக்கின்றன. வேண்டுமானால் அதைப் பாருங்கள்.

தோல் நீக்கினால் போய்விடும் என்றும் அந்தச் செய்தியில் இருந்தது. அரிசி, கோதுமையில் அது தவிட்டுப் பக்கம் இருப்பதால் அங்கே சரி. பயறில் பெரும்பகுதி உள்ளே பருப்பிலேயே இருக்கிறது. தோலோடு போவது முக்கியமாக டானின்.

சரி, வீட்டில் என்ன செய்வது? ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் குறையும். முளைகட்டினால், மாவைப் புளிக்கவைத்தால் இன்னும் குறையும். ஆனால் அது மட்டும் போதாது. கணக்குச் சுலபமாக இருக்க, ஒரு பயறில் 660 மில்லிகிராம் பைட்டிக் அமிலம், 5.6 மில்லிகிராம் இரும்பு என்று வைப்போம். முதல் எண்ணை அதன் மூலக்கூறு எடையான 660ஆலும், இரண்டாவதை இரும்பின் அணு எடையான 56ஆலும் வகுத்தால் விகிதம் பத்துக்கு ஒன்று. ஒன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது என்கிறார்கள். பாதியாகக் குறைத்தாலும் ஐந்து! கைகொடுப்பது வைட்டமின் சி. அதே வேளைச் சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால், அந்தப் பிடியையும் மீறி இரும்பு சேரும். சுண்டலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், சூட்டில் வைட்டமின் வீணாகும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம், அதுவும் இரும்பைத் தடுக்கும். (பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், போதும்.)

குக்கரில் நாலு விசில் விட்டால் போய்விடாதா என்று ஒரு மாமி கேட்டார். பைட்டிக் அமிலம் சூட்டைத் தாங்கும், மாமி. கொஞ்சம்தான் குறையும். ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை மட்டும் எலுமிச்சையை நம்பி நிறுத்தாதீர்கள்.